தண்ணி ஏறாத உயரம்

சாய்ந்தமருது
2005 மார்ச் 20

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் துபாய் போய்ச் சேர்ந்த செய்தியை உங்களுக்கு மூத்தவர் காலிதீன் காக்கா முகாமுக்கு வந்து சொன்னார். போன் எடுத்தால் நான் கதைப்பதில்லை என்று அவரிடம் குறைப்பட்டீர்களாம். இங்கே கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே ஓர் ஆள் சரிந்து போகத்தான் இடமிருக்கிறது. நான் அழுதால் பக்கத்துக் கூடாரத்தில் சோறு தின்கிறவர்கள் கையை உதறிவிட்டு எழும்பி வருகிறார்கள். அவர்கள் வீட்டிலும் ஆள் போயிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் மூத்த மகள் ரிஸ்லாவை அடக்கிய பிறகுதான் நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன். விமானம் கிடைத்தால்தானே வரலாம். ஆனால் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கையோடு போனீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பஸ் ஏறும்போது, "இஞ்ச இருந்து என்னத்தக் காண்ற லைலா?" என்று கேட்டீர்கள். ஆட்கள் நின்றதால் நான் வாய் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். மர்ஷூதாவைக் காணலாம். வாளியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தத்துக்கே கத்துகிறாள். ரிஸ்லா ராத்தா எங்கே என்று கேட்கிறாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு மவுத் என்றால் என்னவென்று நான் தனியாக எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?

நீங்கள் ஏசி திருத்துகிற ஆள். குளிர்ப்பெட்டியும் திருத்துவீர்கள். இந்தக் கரையில் கடல் புகுந்த வீடுகளில் எத்தனை குளிர்ப்பெட்டி சேறு பிடித்துக் கிடக்கிறது. என் கமீலா ராத்தாவின் புருசன் கல்முனை பஸாருக்குள் சின்னக் கடையொன்று பார்த்துத் தருவதாகச் சொல்கிறார். வாருங்கள். நான் மாடி வீடு கேட்கவில்லை. அந்திக்கு நீங்கள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் எனக்குப் போதும். இத்தனை வருசக் கலியாணத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்ட காலம் மிகக் கொஞ்சம்.

உங்களுக்காக துஆ கேட்கும்,
சித்தி லைலா


துபாய்
2005 ஏப்ரல் 29

லைலாக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன்ட கடிதம் கிடச்ச. உன்ன மாதிரி எனக்கு எழுத வராது. கதைக்கிற மாதிரித்தான் எழுதுவன்.

செருப்புச் சத்தம் கேட்டா போதும் எண்டு சொல்ற. எங்கட வாப்பா கடல்ல கரவல இழுத்த மனுசன். தோணிக்கார முதலாளி வூட்டுக்கு வந்தா வாப்பா கதிரைய உட்டு எழும்பி நிப்பாரு. அவர்ர சொந்த வூட்டுல எழும்பி நிப்பாரு. அதப் பாத்துத்தான் நானும் காலிதீன் காக்காவும் வளந்த. ஒவ்வொரு நாளும் அந்திக்கு வூட்டுக்கு வந்த மனுசன்தான் அவர். செருப்பு இல்லாததால சத்தம் கேக்கல்ல, அவ்வளவுதான்.

மறுகா கலியாணம் முடிச்சி உங்கட வாப்பா உனக்குத் தந்த வூட்டுக்கு வந்தன். நம்மட ஊரு வழக்கம் அது, பொம்புளப் புள்ளைக்குத்தான் வூடு. அதுல நான் குற சொல்லல்ல. ஆனா அந்த வூட்டுச் செவருல ஒரு ஆணி அடிக்கிறெண்டாலும் உங்கட உம்மாட முகத்தப் பாத்துத்தான் அடிச்சன். அதுவும் கடலுக்குக் கிட்டத் தந்த வூடு.

இப்ப ஒண்டு சொல்றன், கோவிக்காத. நம்மட தெருவுல மேல்மாடி இருந்தது ஒரே ஒரு வூட்டுல. அதுல ஏறின ஆக்கள் எல்லாரும் ஹயாத்தோட, உசிரோட இரிக்காங்க. தண்ணி பாதிப் படிக்கு மேல ஏறல்லயாம். நான் இஞ்ச பெரிய கட்டிடங்களுக்கு மேல நிண்டு ஏசி பூட்டக்குள்ள அந்தப் பாதிப் படியத்தான் நினைக்கிற. நம்மட வூட்டுக்கு ஒரு படிக்கட்டு இருந்திருந்தா ரிஸ்லா இப்ப பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருப்பா. மாடி போடுவம் எண்டு நான் கேட்டன்தானே. அத்திவாரம் தாங்காதெண்டு உங்கட வாப்பா சொன்னாரு.

கரைவாகு வயல் பக்கம் மண் நிரப்பின காணித் துண்டொண்டு பாத்திரிக்கன். தண்ணி ஏறாத உயரத்துல மர்ஷூதாக்கு ஒரு வூடு. அத முடிச்சிட்டுத்தான் நான் ஊருல வந்து இரிக்கிற. ஒரு ஆம்புள வெண்டானா தோத்தானா எண்டு கேட்டா, புள்ளைக்கு என்னத்தச் செஞ்சி வெச்சான் எண்டுதான் பாக்கணும். பஸாருக்குள்ள குளிர்ப்பெட்டி திருத்திக்கிட்டு இருந்தா அது நடக்காது.

புள்ளயக் கவனம்.

பர்ஸான்


சாய்ந்தமருது
2005 நவம்பர் 12

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வந்தது, போனது. மர்ஷூதாவுக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய கவுன் அவளுக்கு ஒரு சாண் நீளம் கூட. வளர்ந்திருப்பாள் என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். அது தூரத்தில் இருந்து செய்ய முடியாத கணக்கு.

ஒரு விசயம் சொல்ல வேண்டும். உங்களிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பீர்கள். அதனால் செய்துவிட்டுச் சொல்கிறேன். நான் வேலைக்குப் போகிறேன்.

எங்கள் வரிசையில் கடைசிக் கூடாரத்தில் நபீஸா என்று ஒரு பெண். பிள்ளைகள் எல்லோரையும் கடலுக்குக் கொடுத்தவள். குளிக்கமாட்டாள், தின்னமாட்டாள். வருகிறவர்கள் எல்லாம், "சபுறு செய் புள்ள, பொறுமையா இரு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன், போய்ப் பக்கத்தில் இருப்பேன். ஒருநாள் அவள் திடீரென்று, "என்ட மூத்தவன் முட்டையில மஞ்சக்கரு தின்னமாட்டான்" என்றாள். "எங்கட ரிஸ்லாவும் அப்பிடித்தான்" என்றேன். அந்திபடும்வரை, பிள்ளைகள் எதைத் தின்பார்கள், எதை நமக்குத் தெரியாமல் கோழிக்கு வீசுவார்கள் என்று கதைத்துக்கொண்டிருந்தோம். ஓரிடத்தில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவள் எழும்பிப் போய்க் குளித்தாள்.

இதைக் கவனித்தது கஜேந்தினி. தம்பிலுவில் தமிழ்ப் பிள்ளை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காக இந்தக் கரையோரத்து உம்மாமாரோடு, அம்மாமாரோடு இருந்து கதைக்கிற வேலை செய்கிறாள். "அக்கா, நீங்க எங்களோட வாங்க" என்று கையைப் பிடித்துக் கேட்டாள். இப்போது அவளோடு திருக்கோவில், வினாயகபுரம், பொத்துவில் வரை போய் வருகிறேன். மர்ஷூதாவை கமீலா ராத்தா பார்த்துக்கொள்கிறா.

முதல் நாள் போய் வந்தபோது எனக்குப் பசித்தது மச்சான். போன டிசம்பருக்குப் பிறகு அன்றுதான் எனக்குப் பசி என்று ஒன்று வந்தது. வென்றது, தோற்றது என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்கு விளங்கவில்லை. அந்தப் பசி விளங்கியது.

உங்கள்
சித்தி லைலா


துபாய்
2006 ஜனவரி 30

லைலாக்கு,

காலிதீன் காக்கா எல்லாம் சொன்னாரு. அந்நிய ஆம்புளயளோட வேனுல ஏறி பொத்துவில் வரைக்கும் போறயாம். பள்ளியடியில ஆக்கள் அவர்ர முகத்துக்கு நேர கேக்காங்களாம். தம்பி வெளிநாட்டுல, தம்பிர பொஞ்சாதி ரோட்டுல எண்டு. காக்கா அசர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போறதயே உட்டுட்டாராம்.

உனக்கு நான் என்ன குற வெச்சன்? இஞ்ச ஒரு அறைக்குள்ள கட்டிலுக்கு மேல கட்டில் போட்டுப் படுக்கிறம். வெயிலுக்க நிண்டு தோல் உரியிது. இதெல்லாம் ஆருக்கு? ஊருக்குள்ள மானம் போனா மறுகா மாடி வூடு எதுக்கு?

ஊருல உள்ள உம்மாமாருக்கெல்லாம் நீ ஆறுதல் சொல்லப் போற. எனக்கு ஆர் ஆறுதல் சொன்ன? எனக்கு ஒரு கபுறு மண்ணத்தான் காட்டின நீங்க. அண்டைக்கு உன்னோட ரெண்டு புள்ள இருந்த. நீ ஒண்டத்தானே கொண்டு வந்த. மத்த உம்மாமாருக்குச் சொல்ல உன்னட்ட என்ன இரிக்கி?

வேலய உடு. இதுக்கு மேல எழுத ஒண்டும் இல்ல.

பர்ஸான்


சாய்ந்தமருது
2006 பெப்ரவரி 24

மர்ஷூதாவின் வாப்பாவுக்கு,

அதை நீங்கள் எழுதிவிட்டீர்கள். பதில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. நான் குசினியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். ரிஸ்லா வாசலில் நின்று, "உம்மா, ஆக்கள் ஓடுறாங்க" என்றாள். பெரிய இரைச்சல் கேட்டது. மர்ஷூதாவைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். ரிஸ்லாவின் கையைப் பிடித்தேன். விரலை அல்ல, மணிக்கட்டைப் பிடித்தேன். மெயின் றோட்டைப் பார்த்து ஓடினோம். தண்ணீர் பின்னாலிருந்துதான் வரும் என்று நினைத்தேன். அது பக்கத்து ஒழுங்கையால் வந்தது. தோணியொன்று மதிலில் அடிபட்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவால் வந்தது. அதற்குப் பிறகு என் கையில் அவளுடைய கை இல்லை. நான் விடவில்லை. விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

இதுவரை இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. என் உம்மா கேட்கவில்லை. பிள்ளையின் மையத்தைக் குளிப்பாட்டிய பெண்கள் கேட்கவில்லை. நான் போகிற வீடுகளில் பெண்களுக்கெல்லாம் உள்ள பயம் ஒன்றுதான். யாராவது ஒருநாள் இதைக் கேட்டுவிடுவார்களோ, புருசன் கேட்டுவிடுவானோ என்ற பயம். "கேக்கமாட்டாங்க, அவங்களும் பெத்தவங்கதானே" என்று நான் அவர்களுக்குச் சொல்லி வந்தேன். இனிச் சொல்லமாட்டேன்.

வேலையை விடவும் மாட்டேன்.

சித்தி லைலா


துபாய்
2006 யூன் 15

லைலாக்கு,

நீ எழுதாம நாலு மாசமாகப் போகுது. கோவத்துல எழுதிட்டன். எழுதினத மறுகா வாசிச்சிப் பாக்காம ஊருக்குப் போற ஆளுட கையில குடுத்துட்டன். இதப்பத்தி எனக்கு மேல எழுத ஏலா. நீ விளங்கிக்க.

காணி எழுதியாச்சி. உன்ட பேருலதான் எழுதச் சொன்ன. காக்கா நிண்டு அத்திவாரம் வெட்டுவிப்பாரு. மேசனுக்கு ஒண்டு மட்டும் சொல்லு. படிக்கட்ட வாசலுக்கு நேர வெக்கச் சொல்லு. படி உயரமா வேணாம், சின்னப் புள்ள ஓடி ஏறக்கூடிய மாதிரி தாழ்வா வெக்கணும். வளைவு ஒண்டும் வேணாம். அழகு பாக்க வேணாம் எண்டு சொல்லு.

மர்ஷூதாட போட்டோ ஒண்டு அனுப்பு.

பர்ஸான்


சாய்ந்தமருது
2008 பெப்ரவரி 3

மர்ஷூதாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். புதுவீட்டுக்குக் குடிவந்துவிட்டோம். காலிதீன் காக்கா கத்தம் ஓதி, ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்தார். வந்தவர்கள் மாபிளில் கால் வைக்கக் கூச்சப்பட்டு நின்றார்கள். "பர்ஸான் வெண்டுட்டான்" என்று ஒரு பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். உங்கள் உம்மா அழுதா. நீங்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும், அது உங்களுக்கு உரியது. அதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்கு நினைவிருப்பது வேறு. போன வருசம் லீவில் வந்தீர்கள். நானும் பிள்ளையும் முதல் நாளே புது உடுப்புப் போட்டுக்கொண்டு இருந்தோம். பையை வைத்தீர்கள், தண்ணீர் குடித்தீர்கள், "கொங்கிரீட் போட்டுட்டாங்களா?" என்று கேட்டீர்கள். அந்த லீவு முழுதும் சீமெந்து மூடைக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். சாப்பாட்டை நான் அங்கே கொண்டுவந்தேன். மர்ஷூதா ஒருநாள் உங்கள் மடியில் ஏற வந்தாள். "உடுப்புல ஊத்தை படும், அங்கால போ மகள்" என்றீர்கள். அன்போடுதான் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. பிறகு அவள் ஏற வரவில்லை.

அந்த ஒரு மாதத்தில் நாம் இரண்டு பேரும் ரிஸ்லாவின் பெயரை ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. நீங்கள் கவனித்தீர்களா?

மேல் அறை யன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறது. தென்னைகளுக்கு மேலால், நீலமாக, ஒன்றும் செய்யாத மாதிரிக் கிடக்கிறது. நிலத்திலிருந்து பார்த்தால் தெரிவதில்லை. நீங்கள் கட்டிய உயரத்துக்கு வந்தால் தெரிகிறது. அந்த யன்னலை நான் பூட்டிவைத்திருக்கிறேன்.

சித்தி லைலா


துபாய்
2009 மார்ச் 6

லைலாக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இஞ்ச எல்லாம் குழம்பிப் போச்சி. பாதி கட்டின கட்டிடங்கள அப்பிடியே உட்டுட்டுக் கம்பனிகள் மூடுறாங்க. எங்கட ஆக்களுல பாதிப்பேர அனுப்பிட்டாங்க. என்னையும் அனுப்பப் போறாங்க. பதினாலு வருசமா வேல செஞ்ச எனக்கு அதச் சொல்ல வந்தவன் என்ட பேர பிழயாச் சொன்னான்.

சரி. வூடு முடிஞ்ச. அது போதும். மே மாசம் வாறன், முற்றா வாறன். நீ எப்பவோ கேட்டது இதுதானே. நான் ஊருல இரிக்கக்குள்ள நீ வேலைக்குப் போகத் தேவயில்ல. வந்து இறங்கக்குள்ள நீயும் புள்ளயும் வாசல்ல நிக்கணும். எனக்கு வேற ஒண்டும் வேணாம்.

பர்ஸான்


செட்டிகுளம்
2009 யூன் 28

மர்ஷூதாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் மே என்றீர்கள். மே முழுவதும் நானும் பிள்ளையும் பார்த்திருந்தோம். கம்பனி பாஸ்போட்டைத் தரவில்லை, யூலையாகும் என்று பிறகு சொல்லியனுப்பினீர்கள். உங்கள் மேல் பிழையில்லை. ஆனால் நான் இங்கே வந்துவிட்டேன்.

யுத்தம் முடிந்தது என்று கல்முனையில் வெடி கொளுத்தினார்கள், கொடி கட்டினார்கள். கஜேந்தினி எங்கள் வீட்டுக்கு வந்து குசினிக்குள் நிலத்தில் இருந்தாள். அவளுடைய அக்கா வன்னியில் கலியாணம் முடித்தவள், இருக்கிறாளா என்று தெரியாது. "நான் வன்னிச் சனங்கள் இருக்கிற முகாமுக்குப் போறன் லைலாக்கா, நிறுவனம் அனுப்புது. தனியப் போகப் பயமாக் கிடக்கு" என்றாள். நான் கடலுக்குப் பிள்ளையைக் கொடுத்து இருந்தபோது அவள் வந்து என் கையைப் பிடித்தாள். நீ தமிழ், நான் முஸ்லிம் என்று அன்று அவள் பார்க்கவில்லை. நான் எப்படி இருந்துவிடுவேன்?

இங்கே முள்ளுக் கம்பிக்குள் கூடாரம், கூடாரம், கண் எட்டும் தூரம் கூடாரம். நேற்று ஒரு தாயோடு இருந்தேன். இரண்டு பிள்ளைகளோடு பதுங்குகுழியிலிருந்து ஓடினவள், ஒரு பிள்ளையோடு வந்து சேர்ந்தாள். புருசன் வேறு முகாமில் இருக்கிறான். "அவர் வந்து கேட்டா என்ன சொல்றது அக்கா?" என்று என்னிடம் கேட்டாள். கேட்கமாட்டார் என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. "கேட்டாலும் நீ உசிரோட இருப்பாய்" என்றேன். அது எனக்குத் தெரியும்.

நல்ல வாழ்க்கை என்று எதைச் சொல்வது என்று நீங்கள் துபாயிலிருந்து எனக்குப் பல தரம் எழுதினீர்கள். எனக்கு இப்போது தெரிந்தது இவ்வளவுதான். ஒருத்தி தன் பிள்ளையின் பெயரைச் சொல்லும்போது எழும்பிப் போகாமல் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். எனக்கு அந்த ஆள் நீங்களாக இருந்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. அதனால் நான் மற்றவர்களுக்கு அந்த ஆளாக இருக்கிறேன்.

மர்ஷூதா கமீலா ராத்தாவோடு இருக்கிறாள். நீங்கள் வந்ததும் வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தி லைலா


சாய்ந்தமருது
2009 ஆகஸ்ட் 11

லைலாக்கு,

வந்து சேந்தன். வாசல்ல காக்கா நிண்டாரு. நீ இல்ல. அத நான் சொல்லிக்காட்டல்ல, நடந்தத எழுதுறன்.

புள்ளயக் கூட்டி வந்து வெச்சிரிக்கன். சோறு நான்தான் ஆக்குற. துபாயில பழகின. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றா. "சாப்பிட்டயா மகள்?" எண்டா "ஓம்" எண்டுற. "இன்னம் போடட்டா?" எண்டா "வேணாம்" எண்டுற. ஒரு நாளைக்கு அவளோட கதைக்கிற கதை அவ்வளவுதான். முதல் கிழம, வூட்டுல ஆரோ வந்து தங்கி இரிக்கிற மாதிரி என்னப் பாத்தா. என்ட சேட்டு கொடியில கிடந்தா அதுல முட்டாம தன்ட உடுப்ப எடுக்கா.

வெள்ளன பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போறன். புத்தகப் பைய நான் தூக்குவன். அவ முன்னால நடப்பா. பள்ளிக்கூடம் வரைக்கும் ஒருக்காலும் பின்னால கிறுகிப் பாக்கிறல்ல. கேற்றடியில பைய வாங்கிக்கிட்டு உள்ளுக்குப் போயிருவா. நான் அந்தப் பக்கமா நிண்டு பாத்துட்டு வருவன்.

பகலைக்கு வூட்டுல தனிய இரிக்கன். ஒவ்வொரு அறைக்கும் போய்ப் பாக்கன். எல்லாம் நல்லாத்தான் இரிக்கி. மேசன் படிய நான் சொன்ன மாதிரியே வெச்சிரிக்கான். காசு, சீமெந்து, கம்பி எண்டு கேட்டா எனக்கு எல்லாத்துக்கும் பதில் தெரியும். இந்த வூட்டுக்குள்ள பின்னேரத்துல ஒரு மனுசன் என்ன செய்யணும் எண்டு மட்டும் தெரியா.

மேல் அறை யன்னல நான் திறந்தன். நீ ஏன் பூட்டின எண்டு விளங்கின. மறுகா பூட்டிட்டன்.

பர்ஸான்


செட்டிகுளம்
2009 ஆகஸ்ட் 27

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு பிடித்துவிட்டது. உங்கள் கடிதத்தை இங்கே ஒரு வேப்பமரத்தடியில் இருந்து வாசித்தேன். யன்னலைப் பற்றி எழுதியிருந்த இடத்தை மறுபடியும் வாசித்தேன். இத்தனை வருசத்தில் நீங்கள் எழுதியவற்றில் எனக்கென்று எழுதிய வரி அதுதான்.

கஜேந்தினியின் அக்கா கிடைத்துவிட்டா. காலில் காயம், ஆனால் இருக்கிறா. என் இடத்துக்கு வவுனியாப் பிள்ளை ஒன்று வருகிறது. பெருநாளுக்கு முதல் நாள் நான் ஊருக்கு வருகிறேன், அங்கேயே நின்றுவிடுவேன். வேலையை விடமாட்டேன், ஆனால் அந்திக்கு வீட்டில் இருப்பேன். உங்களைக் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. நாம் இருவரும் ஒருநாள் உட்கார்ந்து ரிஸ்லாவைப் பற்றிக் கதைக்க வேண்டும். சண்டைக்கல்ல. அவள் எப்படி இருந்தாள் என்று உங்களுக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. நீங்கள் இல்லாத நேரத்தில்தானே அவள் வளர்ந்தாள்.

இருங்கள்.

சித்தி லைலா


கொழும்பு
2009 செப்டெம்பர் 14

லைலாக்கு,

உன்ட கடிதம் கிடச்ச. கிடச்சதுக்குப் பொறகுதான் இத எழுதுறன். கிடைக்கல்ல எண்டு பொய் சொல்லமாட்டன்.

இண்டைக்கு அந்திக்கு பிளைட். கத்தார். தெரிஞ்ச ஒருத்தன் விசா எடுத்துத் தந்தான். நீ பெருநாளைக்கு வாற. அதுக்கு முதல் போறன்.

ரிஸ்லாவப் பத்திக் கதைக்கணும் எண்டு எழுதியிரிக்கா. ரெண்டு கிழமயா நான் அதத்தான் யோசிச்ச. நீ சொல்லுவா, நான் கேட்டுக்கிட்டு இரிக்கணும். அவ எப்பிடிச் சிரிச்ச, எப்பிடி ஓதின எண்டெல்லாம் நீ சொல்லுவா. எனக்குச் சொல்ல என்ன இரிக்கி? நான் அவளப் பாத்த லீவெல்லாம் கூட்டினாலும் ஒரு வருசத்துக்குக் காணாது. உன்ட முகத்தப் பாத்துக்கிட்டு அதக் கேக்கிற பெலம் எனக்கிட்ட இல்ல. நீ வேத்துப் பொம்புளயளோட இருந்து கேக்கிற. உனக்கு ஏலும். எனக்கு ஏலா லைலா.

மர்ஷூதாக்கும் நான் தேவயில்ல. அவ என்னப் பாக்கிறயே இல்ல. ஊருக்குள்ள ஆக்கள் கேக்காங்க, "பர்ஸான், எப்ப திரும்பப் போற?" எண்டு. ஒருத்தனும், "இனி இஞ்சதானே?" எண்டு கேக்கல்ல. அவங்களுக்கும் நான் அங்கால இருந்தாத்தான் பர்ஸான்.

ஏசி பூட்டத் தெரியும். வெளிநாட்டுல இரிக்கத் தெரியும். அதச் செய்யிறன். புள்ளய கமீலா ராத்தாட உட்டிரிக்கன். சாவியும் அவட கையிலதான்.

பர்ஸான்


சாய்ந்தமருது
2009 ஒக்டோபர் 2

பர்ஸானுக்கு,

பெருநாளுக்கு முதல் நாள் பஸ்ஸால் இறங்கி நேரே வீட்டுக்குத்தான் போனேன். பூட்டியிருந்தது. பள்ளியில் தொழுதுகொண்டிருப்பீர்கள் என்று நினைத்து வாசற்படியில் இருந்தேன். அடுத்த வீட்டு ஆயிஷா உம்மா மதிலுக்கு மேலால் பார்த்து, "உனக்கு ஆரும் சொல்லல்லயா புள்ள?" என்று கேட்டா. அப்போதுதான் எனக்கு விளங்கியது. உங்கள் கடிதம் பெருநாள் கழிந்துதான் கைக்கு வந்தது.

உங்களுக்குப் பெலம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது இருந்தது என்று யார் சொன்னது? நபீஸாவின் கூடாரத்துக்கு முதல் நாள் போனபோது வாசலில் நின்று வாந்தி எடுத்தேன். பிறகு உள்ளே போனேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை எழுதியிருக்கமாட்டேன். மர்ஷூதாவைப் பற்றி நீங்கள் எழுதியதால்தான் எழுதுகிறேன். அவளுக்கு நீங்கள் தேவையில்லை என்று எழுதினீர்கள். அவளுடைய வகுப்பு ரீச்சரை நேற்றுக் கண்டேன். "வாப்பா வந்ததிலிருந்து புள்ளட வாய் மூடல்ல, இப்ப ஏன் கதைக்கிறா இல்ல?" என்று கேட்டா. நான் மர்ஷூதாவிடம் கேட்டேன், "ஏன் மகள், வாப்பாவோட போகக்குள்ள நீ கிறுகிப் பாக்கிறல்ல?" என்று. அவள் சொன்னாள், "நான் முன்னுக்கு நடந்தாத்தான் உம்மா, வாப்பா பைய தூக்கிக்கிட்டு பின்னால வாறது எல்லாருக்கும் தெரியும்." ஒழுங்கையில் விளையாடும் பிள்ளைகள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று அவள் மெதுவாக நடந்திருக்கிறாள். கேற்றுக்கு உள்ளே போய்ச் சுவருக்குப் பின்னால் நின்று, நீங்கள் போகும்வரை பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவாளாம். ஒவ்வொரு நாளும்.

நீங்கள் போன அன்று அவள் அழவில்லை என்று கமீலா ராத்தா சொன்னா. எனக்கு அதுதான் பயம். இந்தப் பிள்ளை ஏழு வயதில் அதைப் பழகிவிட்டாள்.

நானும் அவளும் வீட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கிறோம். நான் வேலைக்குப் போகிறேன், அந்திக்கு வருகிறேன். உங்களை வரச்சொல்லி நான் இனிக் கேட்பதாக இல்லை. காதியாரிடம் போய்க் கலியாணத்திலிருந்து விடுதலை கேட்பதா என்று கமீலா ராத்தா கேட்கிறா. அதற்கு என்னிடம் இன்னும் பதிலில்லை. பதில் வரும்போது உங்களுக்குச் சொல்வேன், ஒளித்துச் செய்யமாட்டேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுதுவதென்றால் அவளுக்கு எழுதுங்கள். இப்போது அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

சித்தி லைலா